240 ரூபாய் சுவர்க் கடிகாரம்: சுற்றுக்கு இரண்டு நொடி கண்ணயர்கிறது

மே முதல் வாரத்தில், தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் பாத்திரமும் பிளாஸ்டிக் சாமானும் விற்கிற ஒரு கடையில் இந்தக் கடிகாரத்தை வாங்கினேன். கடையின் பெயரும் டயலில் அச்சடித்திருக்கும் பெயரும் இங்கே வேண்டாம். 280 சொன்னார், 240-க்குக் கொடுத்தார். செல் (பேட்டரி) தனி. டாட்டாவும் தமிழக அரசு நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த டைட்டன் பக்கத்து மாவட்டத்து ஓசூரில் இருக்க, பேர் தெரியாத கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தீர்களே என்று என் மச்சினன் இன்னும் கிண்டல் செய்கிறார். செய்யட்டும்.

வாங்கியது பேரப்பிள்ளைகளுக்காக. லீவுக்கு வந்திருந்தார்கள். பெரியவள் ஐந்தாம் வகுப்பு முடித்தவள், சின்னவன் மூன்றாம் வகுப்பு. இருவருக்கும் நேரம் என்றால் செல்போனில் தெரிகிற எண்தான். “பத்து நாற்பத்தேழு” என்று டக்கென்று சொல்வான். “பதினொண்ணு ஆக எவ்வளவு இருக்கு சாமி?” என்றால் விரலை மடக்க ஆரம்பித்துவிடுவான். நான் 31 வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பெண்ணாகரம் வழியாக ஒகேனக்கல் போகிற வண்டியில்தான் பாதி சர்வீஸ் போனது. முள்ளைப் பார்த்ததும் ‘இன்னும் பதிமூணு நிமிஷம்’ என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது எண்ணில் வராது, முள்ளுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில்தான் வரும்.

பார்க்க நல்ல கடிகாரம்தான். வெள்ளை டயல், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கொட்டை எழுத்து, நிமிடக் கோடுகள் அறுபதும் தெளிவாக இருக்கின்றன. டிசைன் என்று பூவையும் மயிலையும் போட்டுக் கோடுகளை மறைக்கவில்லை. நொடி முள் சிவப்பு, நல்ல நீளம். கண்ணாடி மட்டும் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். ட்யூப் லைட் வெளிச்சம் அதில் பட்டால் எட்டும் ஒன்பதும் தெரிவதில்லை. சத்தம் இருக்கிறது. இரவில் கூடத்தில் படுத்தால் டிக் டிக் என்று தலைமாட்டில் கேட்கும். எனக்குப் பிடிக்கும், என் வீட்டுக்காரிக்குப் பிடிக்காது.

சாயங்காலம் 5 மணிக்கு செல்போனைப் பார்த்துச் சரியாக வைத்து மாட்டினேன். 9 மணிக்குப் பார்த்தால் 8.52. சரி, மாட்டும்போது முள் நகர்ந்திருக்கும் என்று மறுபடி வைத்தேன். காலையில் பார்த்தால் இருபது நிமிடத்துக்கு மேல் பின்னால். கழற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கண்ணாடி மேஜை மேல் படுக்க வைத்து, செல்போனைப் பக்கத்தில் வைத்து, அஞ்சு நிமிஷம் காட்டினார். ஒரு நொடி கூடப் பிசகவில்லை. “நல்லாத்தானுங்களே ஓடுது, செல்லை மாத்திப் பாருங்க” என்றார். சண்டை போட என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. புது செல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாட்டினேன். மறுபடி அதே கதை.

கண்டுபிடித்தது சின்னவன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு சிவப்பு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவன், “தாத்தா, எட்டரைகிட்ட அது தூங்குது” என்றான். போய் நின்று பார்த்தேன். முள் கீழே ஆறில் இருந்து ஏறிவரும்போது எட்டைத் தாண்டி, 42-க்கும் 43-க்கும் நடுவில் ஒருமுறை நடுங்குகிறது. நகரவில்லை. அடுத்த நொடியும் நகரவில்லை. மூன்றாவது நொடியில் தம் கட்டி ஏறிவிடுகிறது. அப்புறம் பன்னிரண்டு வரை ஒரு குறையும் இல்லை, கீழே இறங்கும்போதும் இல்லை. அடுத்த சுற்றில் அதே இடம், அதே நடுக்கம். கடிகாரத்தைக் கழற்றித் தரையில் கிடத்தினால் தடுக்கவே இல்லை. மேஜை மேல் ஏன் ஒழுங்காக ஓடியது என்று அப்போதுதான் புரிந்தது. படுத்திருக்கும் முள்ளுக்கு மேடு ஏறும் வேலை இல்லை.

பின்னால் ஒரு வாட்ச் ரிப்பேர்காரரிடம் காட்டியபோது மெஷினைத் திறந்து காட்டினார். நொடி முள்ளின் பிளாஸ்டிக் சக்கரத்தில் ஒரு பல்லில் பிசிறு. குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர, சர்க்யூட் அதை எண்ணி நொடிக்கு ஒரு மின் தட்டு என்று சரியாகத்தான் கொடுக்கிறது, சக்கரம்தான் தட்டுக்கு நகரவில்லை. ஏன் இரண்டு நொடி, ஒன்று போதாதா என்று கேட்டேன். தட்டு ஒன்று பிளஸ்ஸாகவும் அடுத்தது மைனஸாகவும் மாறி மாறி வருமாம். ஒரு தட்டைத் தவறவிட்டால் அடுத்த தட்டு எதிர்ப்பக்கத் தட்டு, அது முள்ளை ஏற்கெனவே நிற்கிற இடத்திலேயே பிடித்து வைக்கும். அதற்கு அடுத்ததில்தான் நகர முடியும். அதனால் இந்த மாதிரிக் கடிகாரம் தடுக்கினால் இரண்டிரண்டாகத்தான் தடுக்கும். இதைக் கேட்கத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. புது மெஷின் போட்டால் சரியாகிவிடும், மாத்திடலாமா என்றார். வேண்டாம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருந்தது.

எங்கள் வீட்டில் இன்னொரு கடிகாரம் உண்டு, சமையல்கட்டு வாசலுக்கு மேலே. அது எப்போதும் பத்து நிமிடம் முன்னால் இருக்கும். நான் டூட்டிக்குப் போன காலத்தில் பஸ்ஸை விடக்கூடாது என்று என் வீட்டுக்காரி வைத்தது. ரிட்டயர் ஆகியும் அவள் மாற்றவில்லை. பிள்ளைகள் அதை ‘ஆயா கடிகாரம்’ என்பார்கள். அதில் 7.00 என்றால் 6.50. பத்தைக் கழித்தால் தீர்ந்தது. காலையிலும் பத்து, ராத்திரியிலும் பத்து. அது தள்ளி நிற்கிற கடிகாரம். புதிது அப்படி இல்லை, தள்ளிக்கொண்டே போகிற கடிகாரம். எப்போது சரியாக வைத்தோம் என்று தெரியாமல் இப்போது எவ்வளவு பிழை என்று சொல்ல முடியாது. இந்த ஒரு வித்தியாசம் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது. என் மகள் போட்டித் தேர்வுக்குப் படித்தபோது கடிகாரக் கணக்கு என்று ஒரு பாடத்தை சூத்திரமாக மனப்பாடம் செய்தாள். அவளுக்கு இரண்டு கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்ட எனக்கு அப்போது தோன்றவில்லை.

பெரியவள் செல்போன் ஸ்டாப்வாட்ச் வைத்து முள்ளின் ஒரு முழுச் சுற்றை அளந்தாள். 62 நொடி. பத்து தடவை அளந்தாள், பத்தும் 62. “நிமிஷத்துக்கு ரெண்டு நொடி, மணிக்கு ரெண்டு நிமிஷம். அப்ப ஒரு நாளைக்கு?” என்றேன். “48 நிமிஷம்” என்றாள். நானும் அதைத்தான் மனதில் வைத்திருந்தேன். இரவு 8 மணிக்குச் சரியாக வைத்தோம். மறுநாள் இரவு செல்போனில் 8.00 ஆகும்போது கடிகாரம் 7.12 காட்ட வேண்டும். 7.13-ஐத் தாண்டி, 14-க்குப் போகும் வழியில் இருந்தது. ஒன்றரை நிமிடம் இடிக்கிறது. பஸ்ஸில் ஒன்றரை நிமிடம் என்றால் எனக்கு அலட்சியம் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் பின்னால் வந்த தனியார் வண்டிக்காரனும் முன்னால் நிற்கிறவனும் ஒரு நிமிடத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டதை எத்தனையோ தடவை விலக்கிவிட்டிருக்கிறேன். ஆனாலும், அளந்ததில் தப்பு, விடு என்றுதான் சொன்னேன்.

அவள் விடவில்லை. நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டே இருந்தாள். படுக்கப் போகும்போது வந்து சொன்னாள்: “தாத்தா, அது ஒரு மணி நேரம் ஆச்சுன்னு சொல்றப்ப நமக்கு ஒரு மணி ரெண்டு நிமிஷம் ஆயிடுது. ஆனா நமக்கு ஒரு மணி ஆகறப்ப அதுக்கு இன்னும் ஒரு மணி ஆகலை. நாம 24 மணின்னு சொன்னது நம்ம மணி, அதோட மணி இல்லை.”

அவ்வளவுதான் விஷயம். இரண்டு நிமிடம் என்பது கடிகாரத்தின் மணிக்கு. நம் மணிக்குப் பார்த்தால் 62-ல் 2, அதாவது ஒரு நிமிடம் 56 நொடி. அதை 24-ஆல் பெருக்கினால் 46 நிமிடம் 27 நொடி. 8.00-ல் அதைக் கழித்துப் பாருங்கள், 7.13 தாண்டித்தான் வரும். 31 வருடம் டிக்கெட் கிழித்தவன், ‘மணிக்கு ரெண்டு நிமிஷம்’ என்றால் யாருடைய மணிக்கு என்று கேட்கத் தோன்றாமல் இருந்திருக்கிறேன்.

இது புரிந்த பிறகு சின்னவனுக்கும் வழி சுலபமாகிவிட்டது. கடிகாரத்தைப் பார், காலையில் வைத்ததில் இருந்து அது எத்தனை மணி ஓடியதாகக் காட்டுகிறது என்று எண்ணு, மணிக்கு இரண்டு நிமிடம் சேர். வகுத்தல் கிடையாது. காலை 6 மணிக்கு வைத்தோம், இப்போது 11 காட்டுகிறது, பெண்ணாகரம் வண்டி 11.15-க்கு, பிடிப்போமா? அஞ்சு மணி, பத்து நிமிஷம், அப்ப 11.10, ஓடினால் பிடிக்கலாம் என்பான். ‘ஓடினால்’ என்பது அவனாகச் சேர்த்தது. எங்கள் வீட்டில் இருந்து ஸ்டாப்புக்கு நடந்தால் ஏழு நிமிடம்.

அப்புறம் பெரியவளுக்கு ஒரு ஆசை வந்தது. நின்றுபோன கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சரியான நேரம் காட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஓடுகிற இந்தக் கடிகாரம் எப்போது சரியாகக் காட்டும்? பன்னிரண்டு மணி நேரம் முழுசாகப் பின்தங்கினால்தான் முள் பழைய இடத்துக்கு வரும். மணிக்கு இரண்டு நிமிடம் என்றால் அதற்குக் கடிகாரம் 360 மணி ஓட வேண்டும். கடிகாரம் அப்படி 15 நாள் ஓடினால் நமக்குப் பதினைந்தரை நாள். 5-ஆம் தேதி காலை 6 மணிக்கு வைத்தால் 20-ஆம் தேதி சாயங்காலம் 6 மணி. அதுவரை யாரும் கையை வைக்கக் கூடாது என்று பென்சிலில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினாள்.

11-ஆம் தேதி நாங்கள் மூவரும் காலை ஆறரைக்கே கிளம்பி அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது சின்னவன் கத்தினான். கடிகாரம் 12.00. செல்போன் 12.00. நொடி வரை என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் ஒத்து நின்றது. ஆறு நாள் பின்தங்கிக்கொண்டே போன கடிகாரம் ஏழு பத்தைத் தொட்டிருக்க வேண்டிய நேரத்தில் பன்னிரண்டு காட்டுகிறது. காலபைரவர் நேரத்தைச் சரிபண்ணிவிட்டார் என்றான் சின்னவன். எனக்கே ஒரு கணம் மயிர்க்கூச்செறிந்தது.

சமையல்கட்டில் இருந்து விடை வந்தது. “குக்கர் வைக்கறப்ப பாத்தேன், மணி ஏழு, அது ரெண்டு பத்துன்னு காட்டுது. பாவம்னு நான்தான் ஏழுக்குத் திருப்பி வச்சேன்.” ஒட்டியிருந்த தாளைப் படித்தாயா என்றால், கண்ணாடி போடவில்லையாம்.

பெரியவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அழுகையோடே நோட்டை எடுத்தாள். ஆயா பார்த்த ஏழு எந்த ஏழு? ஆயா கடிகாரத்து ஏழு. அப்படியானால் நிஜத்தில் 6.50. அந்த நேரத்தில் புதுக் கடிகாரத்தில் 7.00 வைத்திருக்கிறாள், அதாவது பத்து நிமிடம் முன்னால். அங்கிருந்து 12.00 வரை கடிகாரம் ஓடியது அதன் கணக்கில் ஐந்து மணி நேரம். மணிக்கு இரண்டு, ஐந்து மணிக்குப் பத்து. 6.50-உடன் ஐந்து மணி பத்து நிமிடம் சேர்த்தால் 12.00. ஆயா முன்னால் தள்ளிய பத்தை அது ஐந்து மணி நேரத்தில் தின்று தீர்த்திருக்கிறது. அதைத் தீர்த்த நேரத்தில் நாங்கள் வாசலில் நின்றிருக்கிறோம். மதியம் ஒரு மணிக்குப் பார்த்தால் மறுபடி இரண்டு நிமிடம் பின்னால். நானும் எத்தனையோ கணக்குப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறேன், இப்படி ஒரு கணக்கை யாரும் எழுதி வைத்துப் பார்த்ததில்லை. வீட்டுக்காரி தற்செயலாகப் போட்டுவிட்டாள்.

இந்தக் கடிகாரத்தால் கிளம்பிய இன்னொரு கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். செல்போன் மட்டும் சரி என்று யார் சொன்னது என்று சின்னவன் கேட்டான். மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டு, பதினொன்றே முக்காலில் இருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்தோம். மே மாதத்தில் எங்கள் ஊரில் உச்சி நிழல் தெற்கே விழும், வெறுங்காலில் மாடியில் நிற்க முடியாது, செருப்போடு போங்கள். நிழல் ரொம்பக் குட்டையாகும்போதுதான் சூரியனுக்கு உச்சி. 12.00 குறி குட்டை இல்லை, 12.15 குறிதான் குட்டை. இந்திய நேரம் 1906-ல் இருந்து கிழக்கே 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துப் போகிறது, தருமபுரி இருப்பது ஏறக்குறைய 78.2-ல். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். சராசரிக்கு நம் சூரியனைவிட செல்போன் 17 நிமிடம் முன்னால் இருக்கிறது. மாதத்துக்கு மாதம் இது ஏறி இறங்கும், மே நடுவில் 14 நிமிடம் வாக்கில் வரும். “அப்ப கவர்மெண்ட்டும் ஆயா மாதிரிதான்” என்றான் சின்னவன். நான் மறுக்கவில்லை.

சரி, வாங்கலாமா? நேரம் பார்ப்பதற்கு என்றால் வேண்டாம், காசு தண்டம். எந்தச் சுவர்க் கடிகாரம் வாங்கினாலும் கடைக்காரர் மேஜையில் படுக்க வைத்துக் காட்டுவதை நம்பாதீர்கள். ஆணியில் மாட்டச் சொல்லி, செல்போன் ஸ்டாப்வாட்ச்சோடு இரண்டு சுற்று பாருங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு என்றால் இதே பழுது உங்களுக்குக் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் நூலும் ஒரு இரும்பு நட்டும் போதும். ஆணியில் இருந்து நட்டின் நடு வரை 99 செ.மீ. வைத்துக் கொஞ்சமாக ஆட்டிவிடுங்கள். போய்த் திரும்பினால் ஒரு ஆட்டம், 30 ஆட்டத்துக்கு 60 நொடி ஆகும். நூலை 106 செ.மீ. ஆக்கினால் அதே 30 ஆட்டத்துக்கு 62 நொடி. எங்கள் கடிகாரத்தின் பழுது அப்படியே கையில் வந்துவிடும், பத்துப் பைசா செலவில்லை. நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பிழையைப் பிள்ளைகளே மாற்றிக்கொள்ளலாம், அந்த வசதி 240 ரூபாய் கடிகாரத்தில் கிடையாது. கடைக்காரர் பின்னால் ஒருநாள் வழியில் பார்த்து, வேண்டுமானால் மாற்றித் தருகிறேன் என்றார். பிள்ளைகள் சம்மதிக்கவில்லை. நட்சத்திரம் போடச் சொன்னால் கடிகாரத்துக்கு ஒன்று, பழுதுக்கு ஐந்து.

பதினைந்தரை நாள் கணக்கு வீணாகவில்லை. 11-ஆம் தேதி மதியம் 12-க்குச் சரியாக இருந்ததால் அதையே ஆரம்பமாக வைத்துக்கொண்டோம். அப்படிப் பார்த்தால் 26-ஆம் தேதி நள்ளிரவு 12. தாளில் இந்தத் தடவை பெரிய எழுத்தில் எழுதினாள். 26-ஆம் தேதி இரவு சின்னவன் பத்து மணிக்கே தூங்கிவிட்டான். நானும் பெரியவளும் கடலை உரித்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். செல்போனில் 12.00 ஆனபோது கடிகாரம் 11.56. நாலு நிமிடம் குறைகிறது. அவளே சொன்னாள்: பதினைந்து நாளில் முள் 21,600 சுற்று சுற்றியிருக்கிறது, நாலு நிமிஷம்னா 240 நொடி, ரெண்டு ரெண்டா 120 தடவை கூடத் தடுக்கியிருக்கு, அவ்வளவுதானே. நான் சின்னவனை எழுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நாலு நிமிஷம் கம்மின்னா அவன் கோவிச்சுக்குவான் என்றாள். காலையில் எழுப்பவில்லை என்று அழுதான்.